ஸ்டீராய்டு, ஹார்மோன் மருந்துகளும் உடல் எடையும்: நோயாளரும் குடும்பத்தினரும் அறிய வேண்டியவை



மூட்டுவாதம், ஆஸ்துமா, சிறுநீரக நோய், தோல் நோய், லூபஸ் முதலியவற்றுக்காக ஸ்டீராய்டு மாத்திரை உட்கொள்வோரில் பலர், இரண்டாவது அல்லது மூன்றாவது மாதத்தில் ஒரே கவலையுடன் எங்களிடம் வருகின்றனர். “நோய் குறைந்துவிட்டது, ஆனால் முகம் வீங்கிவிட்டது, உடல் பருத்துவிட்டது. மாத்திரையை நிறுத்திவிடலாமா?” என்பதே அவர்களது கேள்வி. சிலர் கேட்பதற்கு முன்பே நிறுத்திவிட்டு வருகின்றனர். அவ்வாறு வருவோரில் சிலரை மயங்கிய நிலையில் அவசரப் பிரிவில் சேர்க்க நேரிடுகிறது. ஆகவே இந்த இதழின் பாடமாக, மருந்தால் எடை ஏன் கூடுகிறது, அதில் எவ்வளவு தவிர்க்கத்தக்கது, எது தவிர்க்க இயலாதது, எப்போது மருத்துவரை உடனே அணுக வேண்டும் என்பவற்றை விளக்க முற்படுகிறோம்.

ஸ்டீராய்டு என்பது யாது?

நம் இரு சிறுநீரகங்களின் மேலும் தொப்பி போல அமர்ந்திருக்கும் சிறு சுரப்பிகளுக்கு அட்ரீனல் சுரப்பிகள் என்று பெயர். அவை நாள்தோறும் கார்ட்டிசால் என்னும் ஹார்மோனைச் சுரக்கின்றன. காலையில் மிகுதியாகவும் இரவில் குறைவாகவும் சுரக்கும் இந்த ஹார்மோன், இரத்த அழுத்தத்தையும் இரத்தச் சர்க்கரையையும் காக்கிறது. காய்ச்சல், விபத்து, அறுவைச் சிகிச்சை போன்ற நெருக்கடிகளைத் தாங்கும் வலிமையையும் தருகிறது. இதே ஹார்மோனின் வேலையைச் செய்யும் மருந்துகளையே மருத்துவத்தில் ஸ்டீராய்டு என்கிறோம். பிரெட்னிசோலோன், மெதில்பிரெட்னிசோலோன், டெக்ஸாமெதசோன், டெஃப்லசகார்ட் ஆகியவை நம் ஊரில் மிகுதியாக வழங்கப்படுபவை. வைசோலோன், ஓம்னாகார்டில், மெட்ரோல், டெக்ஸோனா, டெஃப்கார்ட் என்னும் வணிகப் பெயர்களில் இவற்றை அட்டையில் காணலாம்.

இம்மருந்தின் வரலாறு 75 ஆண்டுகளுக்குச் சற்று மேற்பட்டது. அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையில் பிலிப் ஹென்ச் என்னும் மருத்துவர், 1948 செப்டம்பரில், முடக்குவாதத்தால் நடக்க இயலாதிருந்த ஓர் இளம் பெண்ணுக்கு இதனை முதன்முதலாகச் செலுத்தினார். சில நாட்களிலேயே அப்பெண் எழுந்து நடந்தார். 1950இல் ஹென்ச்சுக்கும், இந்த ஹார்மோனை ஆராய்ந்த கெண்டல், ரைக்ஸ்டைன் ஆகியோருக்கும் நோபல் பரிசு வழங்கப்பட்டது. ஆனால் மருந்தைத் தொடர்ந்து கொடுத்தபோது முகம் உருண்டு போதல், உடல் பருத்தல், மனநிலை மாறுதல் ஆகியவற்றையும் மருத்துவர்கள் கண்டனர். எனவே இன்று நம்மைக் கவலையுறச் செய்யும் இவ்விளைவு புதிதாக வந்ததன்று. மருந்து பிறந்த நாள் முதலே அறியப்பட்டது. அந்நாள் முதலே, தேவையான மிகக் குறைந்த அளவை, தேவையான மிகக் குறைந்த காலத்துக்கு மட்டும் கொடுப்பது எப்படி என்பதை மருத்துவ உலகம் கற்று வருகிறது.

அண்மைக் காலத்திலும் இம்மருந்தின் இரு முகங்களையும் நாம் நேரில் கண்டோம். 2020 ஜூன் மாதம் பிரித்தானியாவில் நடந்த ரெகவரி ஆய்வு, கோவிட் நோயால் செயற்கைச் சுவாசத்தில் இருந்தோரிடையே டெக்ஸாமெதசோன் இறப்பை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைத்தது என்று காட்டியது. நாள் ஒன்றுக்கு 6 மில்லிகிராம், அதிகபட்சம் 10 நாட்கள் என்பதே அதன் அளவு. ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்கு அதனால் பயன் இல்லை என்பதையும் அதே ஆய்வு காட்டியது. அடுத்த ஆண்டில், தேவையற்றோரும் அளவுக்கு மீறியும் ஸ்டீராய்டு உட்கொண்டதும், அதனால் சர்க்கரை கட்டுக்கடங்காது உயர்ந்ததும் கருப்புப் பூஞ்சை நோய் பரவக் காரணங்களுள் ஒன்றாயின. 2021 மே மாதம் தமிழ்நாடு அரசு அந்நோயை, கட்டாயம் அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவித்தது. ஒரே மருந்து, சரியான நோயாளருக்குச் சரியான அளவில் உயிர் காத்தது. மற்றவர்க்குத் தீங்கு விளைவித்தது.

எடை கூடுவதன் நான்கு வழிகள்

எடை கூடிற்று என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். உடலுக்குள் நிகழ்வதோ நான்கு வெவ்வேறு மாற்றங்கள். அவற்றைப் பிரித்தறிந்தால் எதற்கு என்ன செய்யலாம் என்பது விளங்கும்.

முதலாவது, நீர் தேங்குதல். ஸ்டீராய்டு, சிறுநீரகத்தின் வழியே வெளியேற வேண்டிய உப்பை உடலிலேயே நிறுத்தி வைக்கிறது. உப்பு நிற்குமிடத்தில் நீரும் நிற்கும். தொடங்கிய சில நாட்களிலேயே எடை ஓரிரு கிலோ கூடுவது பெரும்பாலும் இதனால்தான். அது கொழுப்பன்று. உணவில் உப்பைக் குறைத்தால் இது கணிசமாகக் குறையும்.

இரண்டாவது, பசி மிகுதல். ஸ்டீராய்டு மூளையின் பசி மையத்தைத் தூண்டுகிறது. உண்டு ஒரு மணி நேரத்துக்குள் மீண்டும் வயிறு கேட்கும். இரவில் விழித்தெழுந்து உண்போரும் உண்டு. இதனை நாவடக்கம் இன்மை என்று குடும்பத்தார் பழிப்பது முறையன்று. மருந்து உண்டாக்கும் பசி அது. ஒரு கணக்கை நினைவில் வைக்கலாம்: உடலில் 1 கிலோ கொழுப்புச் சேர ஏறத்தாழ 7,700 கலோரி மிகுதியாக வேண்டும். நாள்தோறும் 250 கலோரி மட்டும் கூடுதலாக உண்டால், ஒரு மாதத்தில் ஏறத்தாழ 1 கிலோ கூடிவிடும். மாலையில் ஒரு பரோட்டாவும் சிறிது சால்னாவும் அதற்குப் போதும்.

மூன்றாவது, கொழுப்பு இடம் மாறுதல். கன்னங்கள், பிடரி, வயிறு ஆகிய இடங்களில் கொழுப்புச் சேர்கிறது; கை கால்கள் மெலிகின்றன. அமெரிக்க அறுவை மருத்துவர் ஹார்வி குஷிங், மூளையடிச் சுரப்பியில் தோன்றும் சிறு கட்டியால் இதே தோற்றம் உண்டாவதை 1932இல் விரிவாக எழுதினார். அக்கட்டி, அட்ரீனல் சுரப்பியை ஓயாமல் தூண்டிக் கார்ட்டிசாலை மிகுவிக்கிறது. சுரப்பி மிகுந்தாலும் மருந்து மிகுந்தாலும் தோற்றம் ஒன்றே. ஆகவே உணவை எவ்வளவு அடக்கினாலும் முகம் ஓரளவு உருண்டுதான் இருக்கும். அதற்கு நோயாளர் பொறுப்பாளி அல்லர்.

நான்காவது, தசை கரைதல். தொடைத் தசைகள் மெலிவதால், தரையில் அமர்ந்து எழுவதும் மாடிப்படி ஏறுவதும் கடினமாகும். எடைக் கருவியில் எண் கூடிக்கொண்டே இருக்க, வலிமை குறைந்துகொண்டே போகும். பட்டினி கிடந்து எடை குறைக்க முயல்வோர் இத்தசையையே மேலும் இழக்கின்றனர்.

எல்லா ஸ்டீராய்டும் ஒன்றல்ல

எடை கூடுமோ என்ற அச்சத்தால் ஆஸ்துமா இன்ஹேலரைக் கைவிடுவோரும், குழந்தைகளுக்குத் தர மறுக்கும் பெற்றோரும் உண்டு. இங்கே அளவைக் கவனிக்க வேண்டும். மாத்திரையை மில்லிகிராமில் அளக்கிறோம். இன்ஹேலரை மைக்ரோகிராமில் அளக்கிறோம். 1 மில்லிகிராம் என்பது 1,000 மைக்ரோகிராம். வழக்கமாகத் தரப்படும் இன்ஹேலர் மருந்து நுரையீரலுக்கு நேரே செல்கிறது. இரத்தத்தில் கலப்பது மிகச் சொற்பம். வழக்கமான அளவில் அதனால் உடல் பருப்பதில்லை. இன்ஹேலரை நிறுத்துவோருக்கு மூச்சுத்திணறல் மிகுந்து, பின்னர் மாத்திரையும் ஊசியும் தேவைப்படுகின்றன. எடைக்கு அஞ்சி இன்ஹேலரை விடுவோர், எடை கூட்டும் மருந்தையே தேடிச் செல்கின்றனர் என்று சொல்லலாம். உறிஞ்சிய பின் வாய் கொப்பளித்துத் துப்புவது மட்டும் மறவாதிருக்க வேண்டும்.

உடற்பயிற்சிக் கூடங்களில் தசை வளர்க்கச் சிலர் ஊசியாக ஏற்றிக்கொள்ளும் ஸ்டீராய்டு முற்றிலும் வேறு. அது ஆண் ஹார்மோன் வகையைச் சார்ந்தது. பெயர் ஒற்றுமையால் குழப்பம் வேண்டா.

தோல் களிம்புகளைச் சிறு இடத்தில் சில நாட்கள் மட்டும் பூசுவதால் எடை கூடாது. முகம் வெளுக்கும் என்று கடையில் வாங்கி மாதக்கணக்கில் பூசுவது வேறு வகைத் தீங்கு. தோல் மெலிந்து சிவந்து போகும்.

ஹார்மோன் மருந்துகள்

எடை கூடியதற்கு ஹார்மோன் மாத்திரையே காரணம் என்று எங்களிடம் சொல்வோர் பலர். ஒவ்வொன்றையும் தனித்தனியே பார்ப்போம்.

கருத்தடை மாத்திரை: மாலா-என் போன்ற இரு ஹார்மோன் கலந்த மாத்திரைகளால் எடை பெரிதும் கூடுவதாக ஆய்வுகள் காட்டவில்லை. சிலருக்கு முதல் சில வாரங்களில் நீர் தேங்கி உடல் கனப்பது போலத் தோன்றும். பின்னர் அது அடங்கும்.

அந்தரா ஊசி: இந்திய அரசு 2017இல் குடும்ப நலத் திட்டத்தில் சேர்த்த இந்த ஊசி, 3 மாதங்களுக்கு ஒரு முறை போடப்படுவது. பயன்படுத்துவோரில் ஒரு சாராருக்கு இதனால் எடை கூடுவது உண்மை. முதல் 6 மாதங்களிலேயே எடை 5 சதவீதத்துக்கு மேல் கூடியவர்களுக்குத் தொடர்ந்தும் கூடும் வாய்ப்பு மிகுதி. 50 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு அது இரண்டரைக் கிலோ. எனவே முதல் ஊசியின்போதே எடையைக் குறித்து வைத்து, மூன்றாவது ஊசிக்கு முன் ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது. காப்பர்-டி, ஹார்மோன் அல்லாத சாயா மாத்திரை ஆகிய மாற்று வழிகளும் அரசு மருத்துவமனைகளில் உள்ளன.

மாதவிடாயைத் தள்ளிப்போடும் மாத்திரை: பனிமய மாதா பேராலயத் திருவிழா, திருச்செந்தூர் சஷ்டி, குடும்பத் திருமணம் ஆகிய நாட்களை ஒட்டி நோரெதிஸ்டிரோன் மாத்திரையைக் கடையில் கேட்டு வாங்கும் வழக்கம் நம்மிடையே உள்ளது. சில நாட்கள் உட்கொள்வதால் வயிறு உப்புசமும் மார்பகக் கனமும் தோன்றலாம். நிலைத்த எடை கூடுவதில்லை. எனினும் இரத்தம் உறைதல், கல்லீரல் நோய், ஒற்றைத் தலைவலி உள்ளோர் மருத்துவரைக் கேளாமல் இதனைத் தொடுதல் கூடாது.

இன்சுலின்: இதுவும் ஹார்மோனே. சர்க்கரை கட்டுக்கடங்காதிருந்தபோது சிறுநீரில் வீணான சத்து, இன்சுலின் தொடங்கியபின் உடலில் தங்குகிறது. ஆகையால் எடை சிறிது ஏறும். இழந்த எடை மீள்வதும் அதில் அடங்கும். சர்க்கரை தாழ்ந்துவிடுமோ என்ற அச்சத்தால் அடிக்கடி இனிப்பு உண்பதே மிகுதியான எடைக்கு வழி செய்கிறது. தாழ்வு அடிக்கடி நேர்ந்தால், அளவை மாற்றுமாறு மருத்துவரிடம் கேட்க வேண்டும்.

தைராக்சின்: இது எடை கூட்டும் மருந்தன்று. தைராய்டு குறைபாடே எடையைச் சிறிது கூட்டுகிறது. மாத்திரை அதனைச் சரிசெய்கிறது.

மார்பகப் புற்றுநோய்க்கான டமாக்சிஃபென், லெட்ரோசோல்: இம்மாத்திரை உட்கொள்ளும் காலத்தில் பலருக்கு எடை கூடுகிறது. எனினும் மாத்திரை ஒன்றே காரணம் என்று சொல்ல இயலாது. கீமோதெரபி நாட்களில் தரப்பட்ட ஸ்டீராய்டு, மாதவிடாய் முன்கூட்டி நின்றுபோதல், களைப்பால் நடமாட்டம் குறைதல் ஆகிய யாவும் சேர்ந்தே அதனை உண்டாக்குகின்றன. நோய் மீளாமல் காக்கும் மாத்திரையை எடையின் பொருட்டு விடுதல் ஒருபோதும் தகாது.

புராஸ்டேட் புற்றுநோய்க்கான ஹார்மோன் ஊசி: ஆண் ஹார்மோனைக் குறைப்பதால் தசை குறைந்து கொழுப்புக் கூடுகிறது, எலும்பும் மெலிகிறது. இவர்களுக்குப் பளு சார்ந்த உடற்பயிற்சி மருந்தைப் போலவே இன்றியமையாதது.

மாத்திரையைத் திடீரென நிறுத்தினால் நேர்வது என்ன?

இப்பாடத்தின் மிக முதன்மையான பகுதி இதுவே. வெளியிலிருந்து ஸ்டீராய்டு வந்துகொண்டிருக்கும்போது, உடல் தன் சொந்தச் சுரப்பைக் குறைத்துக்கொள்கிறது. சுமார் மூன்று வாரங்களுக்கு மேல் தொடர்ந்து உட்கொண்டவர்களின் அட்ரீனல் சுரப்பி உறங்கிப்போயிருக்கக்கூடும். அது மீண்டும் விழித்தெழச் சில வாரங்கள் முதல் பல மாதங்கள் வரை ஆகும். அதற்குள் மாத்திரையை நிறுத்தினால் உடலில் கார்ட்டிசால் இல்லாது போகும். கடும் களைப்பு, குமட்டல், வாந்தி, வயிற்றுவலி, தலைசுற்றல், இரத்த அழுத்தச் சரிவு, இரத்தச் சர்க்கரைத் தாழ்வு, மயக்கம் என்று படிப்படியாக நிலை மோசமாகி உயிருக்கே ஆபத்து நேரலாம். எந்த நோய்க்காக மருந்து தரப்பட்டதோ, அந்நோயும் முன்னினும் வீரியத்துடன் திரும்பக்கூடும்.

எனவேதான் மருத்துவர்கள் இதனைப் படிப்படியாகக் குறைக்கின்றனர். தொடக்கத்தில் வேகமாகவும், பிரெட்னிசோலோன் 5 மில்லிகிராமை நெருங்கும்போது மெதுவாகவும் குறைப்பர். நம் உடல் இயல்பாகச் சுரக்கும் அளவுக்கு ஏறத்தாழ நிகரானது அந்த 5 மில்லிகிராமே என்பதால், அவ்விடத்தில் பொறுமை தேவைப்படுகிறது.

நம் கடற்கரையில் வாழ்வோர் கூடுதலாகக் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. தோணியில் மாலத்தீவுக்கும் இலட்சத்தீவுக்கும் செல்வோர், கப்பலில் பணி செய்வோர், பல நாட்கள் வெளியூரில் தங்கிச் சங்கு குளிப்போர் ஆகியோர், திரும்பி வரும் நாளைக் கணக்கிட்டு அதற்கு மேலும் இரு வாரங்களுக்கான மாத்திரையை நீர் புகாத டப்பாவில் கொண்டுசெல்ல வேண்டும். கடலில் வாந்தி மிகுந்து மாத்திரை தங்காவிட்டால், அதனைச் சாதாரணக் கடல் மயக்கம் என்று விட்டுவிடலாகாது. “நான் ஸ்டீராய்டு உட்கொள்பவன், திடீரென நிறுத்தலாகாது” என்று மருந்தின் பெயருடனும் அளவுடனும் எழுதிய சீட்டு எப்போதும் சட்டைப்பையில் இருக்கட்டும். உடன் செல்வோர் ஒருவரேனும் இதனை அறிந்திருக்க வேண்டும்.

உணவு: நம் ஊர்த் தட்டிலிருந்து தொடங்குவோம்

உப்பு விளையும் ஊர் நமது. உப்பைக் குறைக்கச் சொல்வது இங்கே எளிதன்று என்பதை அறிவோம். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்க்குப் பரிந்துரைப்பது நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பு. அதாவது ஒரு சிறு தேக்கரண்டி. சமையலில் இடுவது, ஊறுகாய், அப்பளம், கருவாடு, மிக்சர், பரோட்டா மாவில் சேர்ப்பது எல்லாம் இந்த ஒரு தேக்கரண்டிக்குள் அடங்க வேண்டும்.

கருவாட்டை வெந்நீரில் ஊறவைத்துக் கழுவினால் உப்பு ஓரளவு குறையுமேயன்றி முற்றிலும் நீங்காது. ஸ்டீராய்டு மிகுந்த அளவில் உட்கொள்ளும் மாதங்களில் கருவாட்டை விடுத்துப் பச்சை மீனை உண்பதே சிறந்தது. சாளை, நெத்திலி, பாறை, சீலா ஆகிய மீன்கள் தசையைக் காக்கும் புரதம் நிறைந்தவை. முள்ளோடு உண்ணத்தக்க நெத்திலி, ஸ்டீராய்டால் மெலியும் எலும்புக்குச் சுண்ணாம்புச் சத்தும் தரும். பொரிப்பதைக் குறைத்து, குழம்பாகவோ அவியலாகவோ சமைக்கலாம். மீன் உண்ணாதோர்க்குப் பாசிப்பயறு, கொண்டைக்கடலைச் சுண்டல், மோர், முட்டை, கேழ்வரகு, முருங்கைக் கீரை ஆகியவை உண்டு.

இனிப்பு வகையில் ஒரு பொய் நம்பிக்கையை அகற்ற விரும்புகிறோம். உடன்குடிக் கருப்பட்டியும் கோவில்பட்டிக் கடலைமிட்டாயும் நம் மாவட்டத்தின் பெருமைகள். ஆயினும் கருப்பட்டியும் சர்க்கரைப் பொருளே. வெள்ளைச் சர்க்கரைக்குப் பதிலாக அதனை எவ்வளவும் உண்ணலாம் என்பது தவறு. தூத்துக்குடி மக்ரூனும் முந்திரி, முட்டை வெண்கரு, சர்க்கரை ஆகியவற்றால் ஆனதே. விருந்தன்று ஒன்று எடுத்துக்கொள்வதில் தவறில்லை. பசி வரும்போதெல்லாம் டப்பாவைத் திறப்பதே தவறு.

மருந்துப் பசியை வெறுங்கையால் எதிர்க்க இயலாது. வீட்டில் வெள்ளரி, கேரட், கொய்யா, வேகவைத்த சுண்டல், நீர்மோர் ஆகியவற்றை எட்டும் இடத்திலும், மிக்சர், பிஸ்கட், மிட்டாய் வகைகளை வீட்டுக்கு வெளியிலும் வைப்பதே நடைமுறைக்கு ஏற்றது. சோற்றின் அளவைக் குறைத்துக் காய்கறியின் அளவைக் கூட்டினால் வயிறும் நிறையும். ஒருவருக்கு மட்டும் தனிச் சமையல் செய்து, மற்றவர் அவர்முன் பொரித்த மீன் உண்பது கொடுமை. இயன்றவரை வீடு முழுவதும் ஒரே சமையலாக அமையட்டும்.

சிறுநீரக நோயுள்ளோர்க்கு ஓர் எச்சரிக்கை: கடைகளில் கிடைக்கும் சோடியம் குறைந்த உப்பில் பொட்டாசியம் மிகுந்திருக்கும். மருத்துவரைக் கேளாமல் அதனை வாங்கலாகாது. இளநீருக்கும் இதே விதி பொருந்தும். புரதத்தின் அளவையும் இவர்கள் மருத்துவரிடம் கேட்டறிந்தே தீர்மானிக்க வேண்டும்.

உப்பளத்திலும் துறைமுகத்திலும் வெயிலில் உழைப்போர், “வேர்வையில் உப்பு வெளியேறுகிறதே, நாங்களும் குறைக்க வேண்டுமா?” என்று கேட்கின்றனர். நியாயமான கேள்வி. இவர்கள் தாமாக உப்பை முற்றிலும் விலக்கிவிடாமல், தம் வேலையின் தன்மையை மருத்துவரிடம் விளக்கி அளவைக் கேட்டறிய வேண்டும். ஊறுகாய், கருவாடு, சிப்ஸ் ஆகியவற்றை விடுவது யாவர்க்கும் பொருந்தும்; நீர் அருந்துவதைக் குறைக்க வேண்டுமா என்பது இதயம், சிறுநீரகம் ஆகியவற்றின் நிலையைப் பொறுத்தது.

உடற்பயிற்சியும் அன்றாட ஒழுங்கும்

தசையைக் காப்பதே பயிற்சியின் முதல் நோக்கம். நாற்காலியில் அமர்ந்து, கைகளை ஊன்றாமல் பத்து முறை எழுந்து அமர்வது தொடைத் தசைக்கு ஏற்ற எளிய பயிற்சி. இயன்றோர் காலையும் மாலையும் இதனைச் செய்து, வெயில் தாழ்ந்தபின் அரை மணி நேரம் நடக்கலாம். இடுப்பு, முழங்கால் வலி உள்ளோர் முதலில் எங்கள் இயன்முறை மருத்துவரைக் காண வேண்டும்.

மாத்திரையை, மருத்துவர் வேறு விதமாகச் சொல்லாதவரை, காலை உணவுக்குப்பின் ஒரே வேளையாக உட்கொள்ளலாம். உடலின் இயற்கைச் சுரப்பும் காலையிலேயே மிகுந்திருப்பதால் அது பொருந்தும். இரவுத் தூக்கமும் கெடாது. தூக்கம் கெடாதபோது நள்ளிரவு உணவும் குறையும்.

சர்க்கரையை எப்போது பார்ப்பது என்பதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. காலையில் பிரெட்னிசோலோன் உட்கொள்வோர்க்குச் சர்க்கரை பிற்பகலிலும் மாலையிலும் உயரும். விடியற்காலை வெறும் வயிற்றில் இயல்பாகவே காணப்படலாம். வெறும் வயிற்றுச் சோதனையை மட்டும் கண்டு நிம்மதி அடையலாகாது. மதிய உணவுக்கு 2 மணி நேரம் கழித்தும் சோதிக்க வேண்டும். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு தேடி வரும் பணியாளரிடம் தாங்கள் ஸ்டீராய்டு உட்கொள்வதைத் தெரிவியுங்கள்.

எடைக் குறிப்பேடு

ஒரு பழைய நோட்டுப்புத்தகம் போதும். காலையில் சிறுநீர் கழித்தபின், உணவுக்கு முன், ஒரே கருவியில், ஒரே விதமான மெல்லிய உடையுடன் எடை பார்க்க வேண்டும். இதயம், சிறுநீரகம் பாதிக்கப்பட்டோர் நாள்தோறும், மற்றையோர் வாரம் ஒரு முறை பார்த்தால் போதும். தேதி, எடை, மாத்திரையின் அளவு, கால் வீக்கம் உண்டா இல்லையா என்னும் நான்கையும் ஒரே வரியில் எழுதுங்கள். ஒவ்வொரு வருகையிலும் அதனைக் கொண்டுவாருங்கள். மெதுவாக ஏறும் எடை உணவைப் பற்றிப் பேசுகிறது. திடீரென ஏறும் எடை நீரைப் பற்றிப் பேசுகிறது. மருத்துவர் இரண்டுக்கும் வெவ்வேறு வழி காண்பார்.

பின்வருவனவற்றுள் ஏதேனும் தோன்றினால் அடுத்த தேதிவரை காத்திராமல் உடனே வர வேண்டும்: மூன்று நாட்களுக்குள் 2 கிலோவுக்கு மேல் எடை ஏறுதல், மூச்சுத்திணறல் அல்லது கால் வீக்கம், அடங்காத தாகமும் அடிக்கடி சிறுநீரும், காய்ச்சல், கருநிற மலம், பார்வை மங்கல், வாந்தியால் மாத்திரை தங்காமை, உறக்கமே இன்றிப் பிதற்றுதல் அல்லது கடும் மனச்சோர்வு.

பெயரில்லாப் பொடியும் சதை போடும் மாத்திரையும்

மெலிந்த பெண்ணுக்குத் திருமணத்துக்கு முன் சதை போடவேண்டும் என்று மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் மாத்திரைகளில் டெக்ஸாமெதசோன் இருந்ததைக் கண்டிருக்கிறோம். மூட்டுவலிக்கும் மூச்சிரைப்புக்கும் ஒரே நாளில் குணம் என்று விற்கப்படும் பெயரில்லாப் பொடிகளிலும் ஸ்டீராய்டு கலந்திருப்பதுண்டு. உண்ட மறுநாளே வலி பறந்து, பசி பெருகி, முகம் பொலிவடைவதால் மக்கள் ஏமாறுகின்றனர். அப்பொலிவு நீரும் கொழுப்புமே. உள்ளே எலும்பும் தசையும் கரைந்துகொண்டிருக்கும். மருத்துவர் சீட்டின்றி இம்மருந்துகளை விற்பது சட்டப்படி குற்றம். அத்தகைய பொடியைப் பல மாதங்களாக உண்டு வருவோர், இதனைப் படித்தவுடன் நிறுத்திவிடாமல், அப்பொடியையும் கையில் எடுத்துக்கொண்டு எங்களிடம் வர வேண்டும். யாரும் கடிந்துகொள்ள மாட்டோம். பாதுகாப்பாகக் குறைக்கும் வழியைக் கூறுவோம்.

குடும்பத்தாருக்கு

நெஃப்ரோடிக் சிறுநீரக நோய்க்காக மருந்துண்ணும் சிறுவனைப் பள்ளியில் கேலி செய்கின்றனர். லூபஸ் நோயுள்ள இளம் பெண்ணைக் கல்யாண வீட்டில், “என்னம்மா இப்படி ஊதிட்டே?” என்று உறவினர் கேட்கின்றனர். கேட்டவர் மறந்துவிடுவார். கேட்கப்பட்டவர் அன்றிரவே மாத்திரையைக் குப்பையில் எறிந்துவிடக்கூடும். எனவே, தாயும் தந்தையும் துணைவரும் முன்னதாகவே உறவினரிடம், “மருந்தால் வந்த வீக்கம், குறைந்துவிடும், அதைப் பற்றி அவளிடம் பேச வேண்டா” என்று சொல்லி வைப்பது மருந்துச்சீட்டில் எழுதப்படாத மருந்தாகும். பள்ளி ஆசிரியருக்கு விளக்கக் கடிதம் வேண்டுமெனில் எங்கள் பிரிவில் கேட்டுப் பெறலாம்.

நோயாளருக்கு ஓர் உறுதியும் சொல்வோம். மாத்திரையின் அளவு குறையக் குறைய, முதலில் தேங்கிய நீர் வடியும், பசி அடங்கும், பெரும்பாலோர்க்குச் சில மாதங்களில் முகம் பழைய வடிவுக்குத் திரும்பும். வயிற்றில் தோன்றிய சிவந்த கோடுகள் முற்றிலும் மறையாவிடினும் வெளிறி மங்கும். உணவால் ஏறிய கொழுப்பு மட்டும் தானாகக் கரையாது. அதற்கு மேற்சொன்ன முயற்சி வேண்டும்.

அடுத்த வருகையில் மருத்துவரிடம் கேட்க வேண்டியவை

என் மருந்தின் பெயர் என்ன, எவ்வளவு காலம் தேவைப்படும்? அளவைக் குறைக்கும் திட்டம் என்ன? ஸ்டீராய்டின் தேவையைக் குறைக்கும் வேறு மருந்து என் நோய்க்கு உண்டா? எலும்பைக் காக்கச் சுண்ணாம்புச் சத்தும் வைட்டமின் டி-யும் வேண்டுமா? காய்ச்சல் வந்தாலோ அறுவைச் சிகிச்சை நேர்ந்தாலோ அளவைக் கூட்ட வேண்டுமா?

இந்த ஐந்து கேள்விகளையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு வாருங்கள். எடை பற்றிய கவலையைச் சொல்வதற்குத் தயங்க வேண்டா. அது வீண் கவலை என்று எங்கள் மருத்துவர்கள் கருதுவதில்லை. மாத்திரையை நிறுத்தும் எண்ணம் எழும் நாளில், நிறுத்துவதற்கு முன் எங்களிடம் வந்து ஒரு சொல் சொல்லுங்கள். உங்களுக்கு ஏற்ற வழியைச் சேர்ந்தே காண்போம்.